அய்யன்காளி

அய்யன்காளி (28 ஆகஸ்ட் 1863 – 18 ஜூன் 1941), திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் புலையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் வழிநடை உரிமைக்காகவும் கல்விக்காகவும் போராடிய தலைவர். திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில் அய்யன், மாலா தம்பதிக்குப் பிறந்தார். பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் சட்டப்படி ஒழிந்திருந்தாலும், புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, கழுத்தில் கல்லுமாலைதான் கட்ட வேண்டும் என்ற கட்டுகள் அப்படியே இருந்தன.

1893இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளைக் காளைகளைப் பூட்டி, மணி கட்டி, தூய வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட சாலையில் ஓட்டிச் சென்றார். தொடர்ந்து நடந்த வழிநடைப் போராட்டங்களில் தாக்குதல்களும் மோதல்களும் நேர்ந்தன. பாலராமபுரம் சாலியத் தெருவில் அவருடைய ஆட்கள் திருப்பியடித்தார்கள். காந்திய அகிம்சை அவருடைய வழி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் பெற்ற பெரிய வெற்றி, வேலைநிறுத்தத்தால் கிடைத்தது.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு சொன்ன பிறகும் மேல்சாதியினர் கதவைத் திறக்கவில்லை. எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிட்டால் உங்கள் வயல்களில் முட்டிப்புல்தான் முளைக்கும் என்று அய்யன்காளி அறிவித்தார். புலையர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். கூலி உயர்வும் அடி உதை நிற்பதும் கோரிக்கைகளில் இருந்தன என்றாலும், முதலில் நின்றது பள்ளிக்கூடமே. வேலை இல்லாமல் பட்டினி கிடந்த குடும்பங்களுக்குக் கடலோர மீனவர்கள் துணை நின்றார்கள். நாற்று நடத் தெரியாத நிலவுடைமையாளர்கள் இறுதியில் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது 1924இல். சம்பாரணில் காந்தி போராடியது 1917இல். இரண்டுக்கும் முன்பே நடந்தது இந்த வேலைநிறுத்தம்; தென்னிந்திய அறப்போர் வரலாற்றை வைக்கத்திலிருந்து தொடங்குவது போதாது.

ஊரூட்டம்பலம் பள்ளிக்கு 1910இல் பஞ்சமி என்ற சிறுமியை அவரே கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அவள் உட்கார்ந்து தீட்டாகிவிட்டது என்று எதிர்ப்பாளர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அதில் எரிந்து எஞ்சிய பெஞ்சு ஒன்று அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

1911 டிசம்பரில் திருவிதாங்கூரின் மக்கள் பிரதிநிதி சபையான ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பள்ளிக்கே போகாத மனிதர் அந்தச் சபையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் மக்களுக்குப் புறம்போக்கு நிலமும் பள்ளிக் கட்டணச் சலுகையும் கேட்டார். 1915இல் கொல்லத்தை ஒட்டிய பெரிநாட்டில் கல்லுமாலைப் போராட்டம் வெடித்தது. பின்னர் கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில், அவர் கேட்டுக்கொண்டபடி பெண்கள் மாலைகளை அறுத்து எறிந்தார்கள். 1937 ஜனவரியில் வெங்கானூருக்கு வந்த காந்தியிடம், தாம் சாவதற்குள் தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்.

திருவனந்தபுரத்துக்கு 1959இல் மார்ட்டின் லூதர் கிங் வந்தார். ஒடுக்கப்பட்ட மாணவர்கள் பெரும்பான்மையாகப் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் தம்மை அறிமுகப்படுத்தியதையும், முதலில் அதிர்ந்து பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததையும் 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் ஆற்றிய உரையில் நினைவுகூர்ந்தார். அந்தப் பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார வழி திறந்தவர்களில் அய்யன்காளி முன்னோடி.

திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் நிற்கும் அவருடைய சிலையை 1980இல் இந்திரா காந்தி திறந்துவைத்தார். 1896இல் கட்டப்பட்ட விக்டோரியா ஜூபிலி மண்டபத்துக்கு, பிரஜா சபை கூடிய அதே மண்டபத்துக்கு, 2019இல் கேரள அரசு அய்யன்காளி மண்டபம் என்று பெயர் சூட்டியது.