சம அகலக் கட்டமும் தமிழ் எழுத்தும்

தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் தாள் தாங்கிய உருளை ஒரே அளவே நகரும். எனவே எல்லா எழுத்தும் சம அகலக் கட்டத்துள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் மெலிந்த எழுத்துகளின் முனைக்கோடுகளை நீட்டிக் கட்டத்தை நிரப்பினர், 1950களில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த ‘கூரியர்’ இதற்குச் சான்று. முனைக்கோட்டு மரபு இல்லாத தமிழில் அவ்வழி இல்லை. ‘ர’வின் இருபுறமும் வெற்றிடம் விழும்; ‘ண’ நெருக்குண்ணும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது எதிர்கொண்ட சிக்கல் இன்னும் பெரிது. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. புள்ளி போன்ற குறிகளுக்கு உருளையை நகர்த்தாத ‘நகரா விசை’ அமைந்தது. எழுத்து, முழு வடிவமாக அன்றி, உறுப்புகளின் கூட்டாக எண்ணப்பட்டது.

இவ்வெண்ணத்தோடு ஒத்துச் செல்வது 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட வடிவங்களுள் பலவற்றைத் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஏழு கூட்டுவடிவங்கள் நீங்கியதால் 13 உயிர்மெய்கள் சீர்பெற்றன. தனி அச்சு வேண்டிய வடிவங்கள் குறைந்தன. சீர்திருத்தத்தைப் பொறியின் விளைவெனச் சுருக்குவது தவறு. எனினும், கருத்தியலும் கருவியும் ஒரே திசையில் சென்றன.

இன்று நிரல் எழுதும் திரைகளிலும் சம அகல எழுத்துருவே வழக்கு. அங்கே ‘கொ’ எத்தனை கட்டம் பெற வேண்டும்? சம அகலம் நடுநிலையான அளவுகோல் அன்று. எவருடைய எழுத்தை இயல்பெனக் கொள்கிறோம் என்னும் முடிவு அதனுள் உறைந்திருக்கிறது.