வன்னியில் இலுப்பையும் கூந்தலும்

வன்னிப் பெருநிலத்தில் மரத்தின் பெயரையும் நீர்நிலையின் பெயரையும் இணைத்து வழங்கும் ஊர்கள் பல. இலுப்பைக்குளம், புளியங்குளம், பாலமோட்டை என்பன அவற்றுட் சில. கூந்தலைப் பேணுவதற்கு வேண்டியனவும் மரமும் நீருமே ஆதலின், அம்மக்களின் தலைமுழுக்கு வழக்கத்தை ஆராய்வார்க்கு இவ்வூர்ப்பெயர்களே நல்ல தொடக்கமாகும்.

இலுப்பைப் பழத்தை வௌவால்கள் விரும்பி உண்ணும். அவை உண்டு கழித்த வித்துக்களைப் பொறுக்கி உலர்த்திச் செக்கிலிட்டு ஆட்டினால் எண்ணெய் கிடைக்கும். அது விளக்கெரிக்கவும் உதவியது. உடம்பிற் பூசவும் உதவியது. எஞ்சிய பிண்ணாக்கு கசப்பு மிக்கது. மாட்டுத் தீனிக்கு ஏற்றதன்று. ஆயினும் அதனை ஊறவைத்து அரைத்தால் தலைக்கு உகந்த அரப்பாகும். எண்ணெய் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, அரப்பிட்டுக் கழுவி, வெயிலிலோ காற்றிலோ உலர்த்திய பின்னரே முடிவது பழைய ஒழுங்கு.

அரப்பு நுரைப்பதற்குக் காரணம் அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள். அழுக்கையும் மிகுதியான எண்ணெயையும் அகற்றும் அதே பொருள் மீனுக்கு நஞ்சாகும். ஆகவே கழுவிய நீர் குளத்தில் விழாமற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

கூந்தலின் நலம் எண்ணெயால் மட்டும் அமைவதன்று. மயிர்க்கால் உடம்பின் உயிருள்ள பகுதி. வெளியே தெரியும் மயிரோ உயிரற்றது. எனவே கடுங்காய்ச்சல் கண்டவர்க்கு இரண்டு மூன்று திங்கள் கழித்து மயிர் மிகுதியாக உதிரும். உடல் தேறியபின் அது பெரும்பாலும் மீள வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னி காய்ச்சல் நாடு என்றே அஞ்சப்பட்டது. 1946ஆம் ஆண்டளவில் நாடெங்கும் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா பெரிதும் தணிந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கூந்தலின் வரலாற்றில் இதற்கும் ஓர் இடமுண்டு.

இக்காலத்தில் அரப்பின் இடத்தைச் சவர்க்காரமும் ஷாம்புவும் பெற்றுள்ளன. ஷாம்பு என்னும் சொல்லோ இந்தியாவிலிருந்து சென்றதே. பிடித்து அழுத்துதலைக் குறிக்கும் இந்திச் சொல்லின் திரிபு அது. பாட்னாவிற் பிறந்த தீன் முகமது என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் நடத்தி அச்சொல்லைப் பரப்பினார்.

2009இற் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்க நேர்ந்தது. குடிநீருக்கே வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில் தலைமுழுக்கு அரிய பேறாயிற்று. முற்றத்துக் கிணறும் நிழல்மரமும் உள்ள வீட்டிலேதான் இவ்வழக்கம் இயல்பாக நிலைக்கும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

மீண்டு வந்தோர்க்கு முன்னோரின் ஒழுங்கு இன்றும் பயன்தரும். ஈரமயிரை இழுத்து வாராமை, இறுகக் கட்டாமை, சீப்பைத் தூய்மையாக வைத்தல், கீரையும் பயறும் மீனும் தவறாது உண்ணுதல் ஆகியன பணச்செலவு மிகாதவை. இலுப்பை காய்க்கப் பத்தாண்டளவு செல்லும். இன்று ஒரு கன்றை நடுபவர் தம் பெண்மக்களின் கூந்தலுக்கு வேண்டியதைத் தேடிவைப்பவராவர்.