மரவள்ளி மாவில் ஆப்பிரிக்கக் களி: 'எபா', 'லஃபுன்' செய்வது எப்படி? விஷத்தை எடுப்பது ஏன் முக்கியம்?

களி கிண்டத் தெரிந்தவர்களுக்கு மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில் பாதி ஏற்கெனவே தெரியும்.

திருவள்ளூர் பக்கம் ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து மறுநாள் காய்ச்சுவதில்தான் அதன் ருசி. நைஜீரியா, கானா, பெனின் நாடுகளில் இதே வேலையை மரவள்ளிக்கிழங்கில் செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், அங்கே புளிக்க வைப்பது ருசிக்காக மட்டுமில்லை.

கிழங்கில் என்ன விஷம்?

மரவள்ளியில் 'லினமரின்' என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும். சதையைவிட தோலிலும் இலையிலும்தான் இது அதிகம். மரவள்ளி இலையை மேய்ந்து ஆடுகள் செத்ததாக அடிக்கடி செய்தி வருவது இதனால்தான். கசப்பு ரகங்களில் அளவு இன்னும் கூடுதல்.

நல்ல விஷயம், இந்த சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். நம்மூர் வெயிலே போதும்! ஆனால் அது முதலில் கிழங்கிலிருந்து வெளியே வரவேண்டும். ஊறவைப்பது, துருவுவது, புளிக்க வைப்பது எல்லாமே அதற்குத்தான்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது பலருக்குத் தெரியும். இலங்கைத் தமிழர் சமையலில் மரவள்ளி புதிதல்ல. அவித்துச் சம்பலோடு சாப்பிடுவார்கள், ஒடியல் கூழிலும் துண்டு துண்டாகப் போடுவார்கள். அவிக்கும்போது பானையை மூடக்கூடாது, கிழங்கோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பானையைத் திறந்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது, ஆவி வெளியே போய்விடும். இஞ்சியைக் குற்றம் சொல்வதைவிட, தோலைத் தடிமனாகச் சீவி, அவித்த தண்ணீரைக் கொட்டிவிடுவதுதான் முக்கியம்.

ஆப்பிரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்?

பிரேசிலில் இருந்து போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் கொண்டுபோன கிழங்கு இது. இன்று உலகிலேயே அதிகம் விளைவிப்பது நைஜீரியா.

அங்கே கிழங்கைத் துருவி, கோணிப்பையில் கட்டி, மேலே கல்லை ஏற்றி வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் சாறு வடிந்து மாவு புளித்துவிடும். அதைச் சலித்து, அகலமான இரும்புச் சட்டியில் கிளறிக் கிளறி வறுத்தால் ரவை பதத்தில் வருவதுதான் 'காரி'. கொதிநீரில் காரியைத் தூவி, மூடி வைத்துக் கிளறினால் 'எபா'. இதற்கு அடுப்பு தேவைப்படுவது தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும்தான்.

'லஃபுன்' இன்னும் எளிது, நம்ம வீட்டிலும் முடியும். தோல் சீவிய கிழங்கைத் துண்டுபோட்டு மூன்று, நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கையால் அழுத்தினால் நசுங்கணும், அதுதான் பதம். நடு நரம்பை எடுத்துவிட்டு, பிழிந்து, நல்ல வெயிலில் சுக்காகக் காயவைத்து அரைக்க வேண்டும். கிழங்கு புதிதாக இருப்பது அவசியம். தோண்டிய இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே கருநீலக் கோடு விழுந்துவிடும், அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

களி கிண்டுவது எப்படி?

ஒரு கப் மாவுக்குச் சுமார் இரண்டு கப் தண்ணீர். தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீயைக் குறைத்து, மாவைத் தூவியபடியே துடுப்பால் கட்டி விழாமல் கிளற வேண்டும். இறுகினால் எடுத்து வைத்த தண்ணீரைத் தெளித்து, மூடி ஐந்து நிமிடம் வேகவிட்டு மறுபடி கிளறினால் உருண்டை பிடிக்கலாம். உப்பு போடுவதில்லை, குழம்பில் இருப்பது போதும்.

கடை மாவில் ஒரு குழப்பம்

'மரவள்ளி மாவு' என்ற பெயரில் இரண்டு வகை கிடைக்கிறது. முழுக்கிழங்கைக் காயவைத்து அரைத்தது ஒன்று. பாலை வடித்து எடுத்த ஸ்டார்ச் இன்னொன்று. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி தயாராவது இதில்தான். ஸ்டார்ச்சில் கிண்டினால் போஸ்டர் ஒட்டும் பசைதான் கிடைக்கும்.

முழுக்கிழங்கு மாவு என்றால், புளிக்க வைத்ததா என்று பாருங்கள். அப்படியே காயவைத்து அரைத்த மாவில் விஷம் மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், ஒரு கிலோ மாவில் 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக்கூடாது என்கிறது. சந்தேகமாக இருந்தால், மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரம் வெயிலில் அல்லது ஐந்து மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு அன்றே சமைக்கலாம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பிராட்பரி உருவாக்கிய முறை இது. சரியாகப் பக்குவம் செய்யாத கசப்பு மரவள்ளியையே தினமும் தின்று கால் முடங்கிப்போகும் 'கொன்ஸோ' நோயைத் தடுக்க, காங்கோ கிராமங்களில் இதைப் பயன்படுத்தினார்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

தொட்டுக்கொள்ள அங்கே 'எகுசி' எனப்படும் தர்பூசணி இன விதைக் குழம்பு அல்லது வெண்டைக்காய்க் குழம்பு. வெண்டைக்காயின் வழவழப்பை நம்மைப் போல வதக்கிப் போக்க மாட்டார்கள். அது இருந்தால்தான் களி தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.