நீலத்துக்கான நீண்ட தேடல்: கரிம ஒளிஉமிழ் பொருட்கள்

மின்சாரம் பாயும்போது தாமே ஒளி வீசும் கார்பன் சேர்மங்களைக் கரிம ஒளிஉமிழ் பொருட்கள் என்கிறோம். கைபேசி, தொலைக்காட்சி, கைக்கடிகாரம் ஆகியவற்றின் ஓஎல்இடி திரைகளில் புள்ளி புள்ளியாக ஒளிர்பவை இவைதாம். எல்சிடி திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஓஎல்இடியில் கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளியை அணைத்துவிட்டால் போதும். சிவப்புக்கும் பச்சைக்கும் நல்ல பொருட்கள் கிடைத்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. நீலம் மட்டும் இன்னும் முழுமையாக வசப்படவில்லை.

தொடக்கம் எளிதாக இல்லை. 1963இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பின் குழு, 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஆந்த்ரசீன் படிகத்தில் மின்சாரம் செலுத்தி ஒளியைக் கண்டது. ஆனால் அதற்கு 400 வோல்ட் தேவைப்பட்டது. அவ்வளவு மின்னழுத்தத்தில் அன்றாடக் கருவி எதையும் செய்ய முடியாது.

திருப்புமுனை 1987இல், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனத்தில் நடந்தது. சூரிய மின்கலங்களுக்காகக் கரிமப் படலங்களை ஆராய்ந்துகொண்டிருந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக்குடன் சேர்ந்து இரண்டு மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார். ஓர் அடுக்கு நேர்மின் துளைகளைச் சுமந்து வரும். மற்றது எலக்ட்ரான்களைச் சுமக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையருகே பச்சை ஒளி பிறந்தது. இரு அடுக்குகளின் மொத்தத் தடிமன் 135 நானோமீட்டர்தான். 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தமே போதுமானதாக இருந்தது. ஒளி தந்த பொருள் ஓர் அலுமினிய அணுவை மூன்று ஹைட்ராக்ஸிகுவினோலின் மூலக்கூறுகள் பற்றியிருக்கும் சேர்மம். வேதியியல் மாணவர்களுக்கு அது புதியதல்ல: கரைசலில் அலுமினியம் எவ்வளவு என்று எடைபோட்டு அறிய, ஆய்வகங்களில் நெடுங்காலமாக வீழ்படிவாக எடுத்துவந்த அதே மஞ்சள் தூள்தான். பழகிய பொருளைப் புதிய வேலைக்கு இழுத்த அந்தத் துணிச்சலே இத்துறைக்கு அடித்தளம் போட்டது.

1990இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பர்ரோஸ், பிராட்லி, ஃபிரெண்ட் குழுவினர் பாலிமரிலிருந்தும் ஒளி பெறலாம் என்று காட்டினர். இருந்தாலும் இன்றைய திரைகளில் பெரும்பாலும் சிறு மூலக்கூறுகளின் ஆட்சிதான்.

பொருளை மேம்படுத்துவோர் முன் நின்ற பெரிய தடை குவாண்டம் விதி ஒன்று. எலக்ட்ரானும் துளையும் இணையும்போது உருவாகும் கிளர்நிலைகளில் 25 விழுக்காடு மட்டுமே ஒற்றைநிலை. மீதி 75 விழுக்காடு மும்மைநிலை. ஒற்றைநிலை சில நானோ நொடிகளில் ஒளியாகிவிடும், இது உடனொளிர்தல். சாதாரணக் கரிமச் சேர்மங்களில் மும்மைநிலையின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. இந்த முக்கால் பங்கை மீட்ட பெருமை பிரின்ஸ்டனின் ஸ்டீபன் ஃபாரெஸ்டுக்கும் தென் கலிபோர்னியாவின் மார்க் தாம்ப்சனுக்கும் அவர்களுடன் உழைத்த மார்க் பால்டோவுக்கும் உரியது. 1998இல் பிளாட்டினமும் அடுத்த ஆண்டு இரிடியமும் அவர்களுக்குக் கைகொடுத்தன. கனத்த உலோக அணு எலக்ட்ரானின் சுழற்சியையும் பாதையையும் வலுவாகப் பிணைப்பதால் மும்மைநிலையும் ஒளியாக வெளியேற வழி திறக்கிறது. இதுவே நின்றொளிர்தல். 2001இல் சாதனத்துக்குள் ஏறத்தாழ எல்லாக் கிளர்நிலைகளையும் ஒளியாக்க முடிந்தது.

நல்ல மூலக்கூறைத் தயாரித்துவிட்டால் மட்டும் போதாது. அதைத் தூய்மையாக்குவது தனி உழைப்பு. வெற்றிடமாக்கிய நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் தூளை வைத்துச் சூடாக்குவார்கள். அது உருகாமலே ஆவியாகி, குழாயில் வெப்பம் குறையும் இடத்தில் நிறப்பட்டையாகப் படியும். கனத்த மாசுகள் தொடங்கிய இடத்திலேயே தங்கும். லேசானவை மறுமுனைக்குப் போய்விடும். நடுப்பட்டையைச் சுரண்டி எடுத்து மறுபடியும் அதே வேலையைச் செய்வார்கள். இப்படித் தேறிய தூளை வெற்றிட அறையில் ஆவியாக்கி, நுண்துளையிட்ட உலோகத் தகட்டின் வழியே கண்ணாடிமேல் படியவிடுகிறார்கள். ஆவியில் கணிசமான பங்கு தகட்டிலும் அறைச் சுவரிலும் ஒட்டி வீணாவது தயாரிப்பாளர்களுக்கு நிரந்தரத் தலைவலி. ஈரம் புகுந்தாலோ திரையில் கரும்புள்ளிகள் தோன்றும். எனவே காற்றுப் புகாதபடி மூடுவதும் அவசியம்.

நீலத்தின் சிக்கல் அதன் ஆற்றலிலேயே இருக்கிறது. சிவப்பு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட் என்றால் நீலத்துக்குச் சுமார் 2.7. நின்றொளிரும் பொருளில் கிளர்நிலை மைக்ரோ நொடிக் கணக்கில் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் இரண்டு கிளர்நிலைகள் மோதிக்கொண்டால், ஒன்றின் ஆற்றல் மற்றதற்கு ஏறி, வேதிப்பிணைப்பையே அறுத்துவிடும். உடைந்த துண்டுகள் மின்னூட்டங்களைச் சிறைபிடிக்க, திரை மங்குகிறது. இதனால்தான் கைபேசித் திரைகளில் சிவப்பும் பச்சையும் நின்றொளிர, நீலம் மட்டும் பழைய உடனொளிரும் முறையிலேயே நீண்ட காலம் தங்கிவிட்டது. மின்கலத்தின் சுமை அதனால் கூடுகிறது.

மாற்று வழிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தன. 2001ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்ற சிஹாயா அடாச்சி, பின்னர் கியூஷு பல்கலைக்கழகத்தில் 2012இல் உலோகமே இல்லாத மூலக்கூறுகளை அறிமுகப்படுத்தினார். இவற்றில் ஒற்றைநிலைக்கும் மும்மைநிலைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு மிகச் சிறியது. அறை வெப்பமே மும்மைநிலையை மேலே தூக்கி ஒளியாக்கிவிடும். விலையுயர்ந்த இரிடியம் வேண்டாம் என்பது இதன் பெரிய லாபம். 2016இல் தாகுஜி ஹதகெயாமா குழு போரானையும் நைட்ரஜனையும் விறைப்பான வளையச் சட்டத்துக்குள் பதித்து, நிறம் சிதறாத தூய நீலத்தைப் பெற்றது. ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் அதன் கனத்த உறவான டியூட்டீரியத்தை வைத்து மூலக்கூறை உறுதிப்படுத்துவது இன்னொரு வழி.

2025 மே மாதம் தென்கொரியாவின் எல்ஜி டிஸ்ப்ளே, அமெரிக்காவின் யுனிவர்சல் டிஸ்ப்ளே நிறுவனத்துடன் சேர்ந்து, நின்றொளிரும் நீலம் கொண்ட திரையைப் பெருமளவு உற்பத்திக்கு ஏற்ற தரத்தில் சரிபார்த்ததாக அறிவித்தது. மின்செலவு சுமார் 15 விழுக்காடு குறையும் என்றும் அது தெரிவித்தது. ஆனால் அந்தத் திரையிலும் நீலத்துக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்குதான் நின்றொளிரும் பொருள், நீண்ட ஆயுளுக்காகக் கீழடுக்கில் பழைய உடனொளிரும் பொருளையே வைத்திருக்கிறார்கள்.