தென்னை உச்சியிற் கட்டிய கயிற்றுப் பாதை

களுத்துறைக் கரையோரமாகச் சென்ற நேயர்கள், தென்னைகளின் உச்சிகளை இணைக்கும் தும்புக் கயிறுகளைக் கண்டிருப்பர். கீழ்க்கயிறு காலுக்கு, மேற்கயிறு கைக்கு. கள்ளிறக்குவோன் ஒரு மரத்தில் ஏறினால் பல மரங்களைக் கடந்த பின்னரே மண்ணை மிதிப்பான். சேர்ந்த கள்ளைக் கலத்திலிட்டுக் கயிற்றினாற் கீழே இறக்குவான். அங்கு நிற்பவன் அதனை வாங்கிக்கொண்டு வெறுங்கலத்தை மேலே அனுப்புவான்.

யாழ்ப்பாணத்துப் பனைக்கு இவ்வசதி இல்லை. சீவற்றொழிலாளி தளைநாரைக் காலிற் பூட்டி, பாளைக்கத்தியை இடுப்பிற் கொண்டு, மரத்துக்கு மரம் ஏறி இறங்கவேண்டும். அதுவும் நாளுக்கு இருமுறை.

ஒல்லாந்தர் சாராய உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் அம்முறையைத் தொடர்ந்தனர். குத்தகைக்காரர் ஈட்டிய செல்வத்தைச் சரித்திர ஆசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். கயிற்றில் நடந்தவனைப் பற்றிய குறிப்போ சொற்பம். அவனுயிர் தும்பின் உறுதியிலேயே தங்கியிருந்தது. மழையிலும் வெயிலிலும் தும்பு இற்றுப்போகும். ஆதலின் பழைய கயிற்றைக் காலந்தவறாது அவிழ்த்துப் புதியதைக் கட்டவேண்டும்.