பகுதாதில் நிகழ்ந்த பரீட்சை

வளைகுடா நாடுகளில் பணியாற்ற விழையும் நம் வீட்டுச் செவிலியர், உரிமத் தேர்வுக்காக மருந்தளவுகளை இரவெல்லாம் கணக்கிட்டுப் பயில்வதைக் காண்கிறோம். இத்தகைய சோதனை பகுதாதுக்குப் புதிதன்று.

ஹிஜ்ரி 319-ல் (கி.பி. 931) மருத்துவரொருவரின் தவறால் நோயாளி மாண்ட செய்தி கலீபா அல்-முக்ததிருக்கு எட்டியது. அரண்மனை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்து அனுமதிக்காதவர் மருத்துவம் செய்யலாகாதென ஆணை பிறந்தது. நகரின் இரு கரைகளிலும் அவ்வாறு சோதிக்கப்பட்டோர் 860-க்கும் மேற்பட்டோர்.

அவருள் கண்ணியமான தோற்றமுடைய முதியவரொருவர் பொற்காசுகளை முன்வைத்து, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பம் இத்தொழிலால் பிழைக்கிறதென்றும் ஒப்புக்கொண்டார். ஸினான் நகைத்தார். அறியாத நோயைத் தொடலாகாது, எளிய நோய்க்கன்றி இரத்தம் எடுக்கவோ பேதிமருந்து கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனையிட்டு அனுமதித்தார். தாம் காடித்தேன் பானமும் பன்னீர்ப் பாகுமன்றி வேறெதுவும் கொடுத்ததில்லை என்றார் பெரியவர்!

இது கருணையா, தளர்ச்சியா? எமக்கு ஐயமே. மறுநாள் வந்த இளைஞர், தம் ஆசான் நேற்று வந்த தம் தந்தையே என்றார். அவருக்கும் அதே நிபந்தனைதான்.