ஆடிரொண்டாக் காட்டில் பனிக்கால இரவுகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வடகிழக்கில் ஆடிரொண்டாக் மலைக்காடு விரிந்து கிடக்கிறது. 1979 பிப்ரவரியில் இங்குள்ள ஓல்டு ஃபோர்ஜ் என்ற ஊரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 47 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அப்படிப்பட்ட காட்டில் நண்பர்கள் கூடிச் சென்று, பனிக்கு நடுவே ஓர் இரவைக் கழிப்பது இன்று பலருக்குப் பிடித்தமான வழக்கம். பொழுதுபோக்காக அது வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் குளிர்காலத்தில் அங்கே தங்கியவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காகத் தங்கியவர்கள்.

மோஹாக், அபெனாக்கி பழங்குடியினர் இங்கே வேட்டையாடினர். ஆஷ் மரச் சட்டத்தில் தோல்வாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பனிக் காலணி, இடுப்பளவு பனியிலும் கால் புதையாமல் நடக்க உதவியது. பின்னால் வந்த மரவெட்டிகளுக்குக் குளிர்காலமே வேலைக்காலம். வண்டித்தடத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் குதிரைகள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் கட்டைகளை ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்றனர். பனி உருகியதும் வெள்ளம் அவற்றை ஆலைக்கு அடித்துச் சென்றது.

காட்டில் இரவு தங்கும் கலையை வெளியூராருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் உள்ளூர் வழிகாட்டிகள். லாங் லேக் ஊரைச் சேர்ந்த மிட்செல் சபாட்டிஸ் என்ற அபெனாக்கி இனத்தவர் அவர்களில் பெரும்புகழ் பெற்றவர். வழிகாட்டிகள் கட்டிய குடில் ஒரு சார்ப்புதான். கவைக்கம்பு இரண்டை நட்டு, மேலே ஒரு குறுக்குக்கழி வைத்து, பின்பக்கம் சரிவாகக் கூரை இறக்குவார்கள். முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கும். அந்தத் திறப்புக்கு எதிரே நீளக் கட்டைகளைப் போட்டுத் தீ வளர்ப்பார்கள். சரிந்த கூரையில் பட்டுத் திரும்பும் அனல் படுத்திருப்பவர்மேல் இறங்கும். கோடையின் தொடக்கத்தில் ஸ்ப்ரூஸ் மரப்பட்டை எளிதில் உரியும் என்பதால் கூரைக்கு அதுவே போதும். குளிரில் பட்டை மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கான்வாஸ் துணியோ தழையோதான் கூரை. பனிக் காலணியையே மண்வெட்டியாக்கிப் பனியை வாரித் தள்ளி இடம் செய்வார்கள்.

படுக்கைதான் இந்தக் கலையின் உச்சம். பால்சம் ஃபிர் மரத்தின் இளங்கிளைகளை ஒடித்து, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக, காம்பு கீழேயும் நுனி மேலேயும் இருக்குமாறு அடுக்குவார்கள். தரையின் குளிர் ஏறாது, இரவெல்லாம் நறுமணமும் வீசும். ஆனால் ஒரு படுக்கைக்கே பல மரங்களின் கிளைகள் வேண்டும். விடியும்வரை தீ அணையாதிருக்க விறகுக்கு வேறு கோடரி விழவேண்டும். நாலு பேர் வந்துபோன காலத்தில் காடு இதைத் தாங்கியது. வில்லியம் மர்ரே என்ற பாதிரியாரின் ஆடிரொண்டாக் நூல் 1869இல் வெளிவந்ததும் நகரத்துக் கூட்டம் திரண்டது. 1884இல் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய கையேடு, சுமையைக் குறைத்துக் காட்டுக்குப் போகும் வழியைச் சொன்னது.

இதற்கிடையே மரவெட்டு எல்லை மீறியது. காடு அழிந்தால் ஹட்சன் ஆற்றிலும் ஈரி கால்வாயிலும் நீர் வற்றும் என்று வணிகர்களே அஞ்சினர். 1885இல் மாநிலம் காப்புக்காட்டை அறிவித்தது. 1892இல் ஆடிரொண்டாக் பூங்காவுக்கு எல்லை வகுத்தது. 1895 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சாசனம், அந்தக் காப்புக்காட்டின் மரங்களை விற்கவோ அகற்றவோ அழிக்கவோ கூடாது என்று விதித்தது. இவ்வளவு உறுதியான காவல் அந்நாளில் வேறெந்தக் காட்டுக்கும் வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

குளிர்காலத்தை இன்பமாகப் பார்க்கும் பழக்கம் பரவ, நூலகப் பகுப்பு முறையால் அறியப்பட்ட மெல்வில் டூயி ஒரு காரணம். அவருடைய லேக் பிளாசிட் கிளப் 1904-05 குளிர்காலத்தில் மூடாமல் திறந்திருந்தது. விருந்தினர் பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டுக்குள் சென்றனர். ஸ்கெனெக்டடி நகரின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஆப்பர்சனும், பின்னர் 1932இல் வேதியியல் நோபல் பெற்ற இர்விங் லாங்மியூரும் நண்பர்களோடு பனிமலை ஏறினர். ஆப்பர்சன் அந்தக் காட்டின் காவலுக்காக வாழ்நாளெல்லாம் போராடினார். காட்டை அனுபவித்தவரே அதற்குக் காவலராகவும் நின்றது இந்த வரலாற்றின் பெருமை.

1932 குளிர்கால ஒலிம்பிக்குக்காக லேக் பிளாசிட் ஊருக்கு அருகே காப்புக்காட்டில் பாப்ஸ்லெட் என்ற பனிவண்டிப் பந்தயத்துக்குத் தடம் அமைக்க ஏறக்குறைய 2,500 மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது, அந்த அரசியல் சாசன விதியைக் காட்டி 1930இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தடம் வேறு நிலத்தில் அமைந்தது.

இதே விதி பழைய முகாம் முறையையும் மாற்றியது. பச்சை மரத்தில் கைவைக்கக் கூடாது என்றான பிறகு தழைப்படுக்கைக்கும் தற்காலிகக் குடிலுக்கும் இடமில்லை. எனவே பாதையோரங்களில் முழு மரக்கட்டைகளால் நிலையான சார்ப்புக் குடில்கள் எழுந்தன. 1930களில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு மத்திய அரசு அமைத்த இயற்கை வளப் பாதுகாப்புப் படையும் பல குடில்களைக் கட்டியது. மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, வாசலில் குறுக்கே ஒரு தடித்த கட்டை. அதில் அமர்ந்துதான் சமைப்பதும் காலணி மாட்டுவதும் பேசுவதும். படுக்கைக்கு இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கும் ஃபோம் விரிப்பும் வந்தன. அடுப்பும் தோளில் ஏறியது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைப்பது இன்றைய பழக்கம்: உறைவது மேலிருந்து தொடங்குவதால் மூடிப்பக்கம் அடைபடாது. கோடரித் திறமை போய், சுமக்கும் திறமை வந்தது. அந்த மாற்றம் காட்டுக்கு நல்லதே.

இன்று ஆடிரொண்டாக்கின் ஹை பீக்ஸ் என்ற உயர்சிகரப் பகுதியில் 8 அங்குலமோ அதற்கு மேலோ பனி இருந்தால் பனிக் காலணியோ சறுக்குக் கட்டையோ கட்டாயம். அதன் கிழக்குப் பகுதியில் முகாம் தீயே மூட்டக் கூடாது. அரசு நிலத்துச் சார்ப்புக் குடில்களை முன்பதிவு செய்ய முடியாது. எந்தக் குழு முதலில் வந்தாலும், இடம் நிரம்பும்வரை பின்னால் வருபவருக்கும் படுக்க இடம் கொடுத்தாக வேண்டும்.